நாளைக்கு போட்டோ ஷூட்டுக்கு யாரும் வர வேண்டாம்

நான்: எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிடறேன், நாளைக்கு பார்க்ல எடுக்கப்போற என்கேஜ்மென்ட் ஷூட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் கேமராவோட தம்பியும் மட்டும்தான் போறோம், ப்ளீஸ் யாரும் கோச்சுக்காதீங்க

பெரியம்மா: ஏன்டி நாங்க வந்தா கேமரா உடைஞ்சிடுமா

சின்ன மாமா: நான் சட்டைய அயர்ன் பண்ணி மாட்டியே வச்சாச்சு

நான்: மாமா ஷூட் உங்களுக்கு இல்ல

அக்கா: பெரியம்மா என்னோடத கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பன்னெண்டு பேர் வந்து நின்னீங்க. ஒருத்தர் தலைய நிமிர்த்துனு, ஒருத்தர் சிரினு, ஒருத்தர் பல்லு தெரியாம சிரினு. ஆல்பம் பூரா நான் பல் டாக்டர் முன்னாடி உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கேன்

அம்மா: அந்த ஆல்பம் நல்லாத்தானேடி இருக்கு

அக்கா: நல்லா இருந்தா ஏன்மா பீரோவுக்குள்ளயே கிடக்கு

சின்ன மாமா: சரி சரி வரல. ஆனா 11 மணிக்கு போங்க, வெளிச்சம் பளிச்சுனு இருக்கும்

கேமரா தம்பி: ஐயோ மாமா 11 மணி வேணவே வேணாம். வெயில் உச்சிக்கு வந்துட்டா மரத்தடில வட்ட வட்டமா வெளிச்சம் விழும் பாத்திருக்கீங்கல்ல, அது மூஞ்சில விழுந்தா நெத்தில ஒரு திட்டு கன்னத்துல ஒரு திட்டுனு தேமல் மாதிரி தெரியும், எடிட்ல சரி பண்றதுக்குள்ள உயிர் போயிடும். 4:30க்கு ஆரம்பிக்கலாம்

சின்ன மாமா: அது ஏன்டா வட்டமா விழுது, இலை சந்து என்ன வட்டமாவா இருக்கு

கேமரா தம்பி: சந்து எப்படி இருந்தா என்ன, சின்ன ஓட்டை வழியா வந்து தரைல விழுறது சூரியனோட பிம்பம் மாமா. கிரகணம் பிடிக்கறப்ப மரத்தடில போய் பாருங்க, அத்தனையும் பிறை பிறையா விழும்

சின்ன மாமா: இத்தன வயசுக்கு இப்பதான்டா தெரியுது

நான்: நம்ம விஷயத்துக்கு வரலாமா

பெரியம்மா: 4:30க்கு போனா இருட்டிடாதாடா

கேமரா தம்பி: இல்லம்மா, நாளைக்கு சூரியன் அடையறது 6:12னு போன் காட்டுது. வெட்டவெளில கடைசி ஒரு மணி நேரம்தான் அந்த மஞ்ச வெளிச்சம் வரும், ஆனா மரம் அடர்த்தியா இருக்கிற எடத்துல சீக்கிரமே மங்கிடும். அதான் முதல்ல உள்ள எடுத்து முடிச்சுட்டு அப்புறம் புல்வெளி ஓரத்துக்கு வந்து சூரியன முதுகுப் பக்கம் வச்சு எடுக்கலாம்னு

அம்மா: அந்த கிளிப்பச்சை டிரஸ்ஸ போட்டுக்கோ, உனக்கு எடுப்பா இருக்கும்

கேமரா தம்பி: சித்தி பச்சை வேணாம், பின்னாடி பூரா மரம், அக்கா தலை மட்டும் தனியா மிதக்கும். அதுவும் இல்லாம இலைல பட்டு வர்ற வெளிச்சத்துலயே மூஞ்சி லேசா பச்சையடிக்கும். மெரூன், க்ரீம் இந்த மாதிரி போடுங்க. அவர பொடி கட்டம் போட்ட சட்டை மட்டும் வேணாம்னு சொல்லுங்க, கேமராவுல கோடு கோடா அலையடிக்கும்

அக்கா: ஹீல்ஸ் வேணாம்டி, ஈரமண்ணுல புதைஞ்சு நிப்ப. அப்புறம் முக்கியமா அவர் பாக்கெட்ல போன் சாவி பர்ஸ் எதுவுமே இருக்கக்கூடாது, இவரு என் ஆல்பத்துல எல்லா போட்டோவுலயும் தொடைல கட்டி வந்த மாதிரி நிக்கறாரு

நான்: அதெல்லாம் ஓகே, இவருக்கு கேமராவ தூக்கினாலே பாஸ்போர்ட் போட்டோ மூஞ்சி வந்துடுது, அதுக்கு என்னடா பண்றது

கேமரா தம்பி: கேமராவ பாக்கவே வேணாம்னு சொல்லுங்க. 85 எம்எம் லென்ஸ்தான் போடப்போறேன், ஏழெட்டு மீட்டர் தள்ளிதான் நிப்பேன். நீங்க பாட்டுக்கு பேசிட்டே மெதுவா நடந்து வாங்க. முதல் கால் மணி நேரம் எடுக்கறது எதுவும் தேறாது, அத இப்பவே கணக்குல விட்டுடுங்க. ஒண்ணே ஒண்ணு, முன்ன பின்ன நிக்காம ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே வரிசைல இருக்கட்டும், இல்லனா ஒருத்தர் ஷார்ப்பா இருப்பாங்க இன்னொருத்தர் மசமசனு போயிடுவாங்க

சின்ன மாமா: நான் வேணா தூரமா ஒரு பெஞ்சுல உக்காந்துக்கறேனே

நான்: மாமா!!!

மறுநாள் 5:20

சின்ன மாமா: எப்படி போகுது

5:41

சின்ன மாமா: மேகமா இருக்கா

5:58

பெரியம்மா: ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்குதுங்க பாரு

7:10

நான்: வந்தாச்சு வந்தாச்சு. அவன் சொன்ன மாதிரியே முதல் இருபது நிமிஷம் மரத்தோட மரமா நின்னோம், கைய எங்க வைக்கறதுனே தெரியல, அப்புறம் நடந்துட்டு இருக்கறப்ப இவர் காலர்ல ஒரு கம்பளிப்பூச்சி, இவர் அப்படியே கண்ண மூடிட்டு எடு எடு எடுங்கறாரு, நான் ஒரு காஞ்ச இலைய மடிச்சு அதுல ஏத்தலாம்னு பாக்கறேன், அது ஏற மாட்டேங்குது, எனக்கு சிரிப்பு தாங்கல, இந்தப் பய உதவிக்கு வராம அங்கயே நின்னு டப டபனு எடுத்துட்டு இருக்கான்

கேமரா தம்பி: அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் மனுஷங்களா மாறினீங்க. அனுப்பறேன் பாருங்க

(14 போட்டோ)

பெரியம்மா: இவர் ஏன்டா கண்ண இறுக்கி மூடிட்டிருக்காரு

கேமரா தம்பி: அது பூச்சி போட்டோம்மா. பெருசு பண்ணிப் பாருங்க, அக்கா கைல இருக்கிற இலை நுனில பூச்சி முடி ஒவ்வொண்ணும் வெளிச்சத்துல மின்னும்

அக்கா: எனக்கு அதான் பிடிச்சிருக்கு

அம்மா: சொந்தக்காரங்களுக்கு காட்ற ஆல்பத்துல பூச்சியாடி வைப்பாங்க, அந்த ஆறாவது போட்டோ போதும்

நான்: ரெண்டையும் வைக்கலாம்மா

சின்ன மாமா: எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா மாப்பிள்ளை ஒண்ணுத்துலயாவது வலது கைய பாக்கெட்லேர்ந்து எடுத்தாராடா. பூச்சி ஊர்றப்ப கூட எடுக்கல

அக்கா: அட ஆமா, பாக்கெட்ல எதுவும் இருக்கக்கூடாதுனு சொன்னேனே

நான்: இருங்க அவரையே குரூப்ல சேர்க்கறேன், நீங்களே கேளுங்க

இவர்: எல்லாருக்கும் வணக்கம். அது வந்து மாமா, மோதிரம். கடைசில க்ளோசப் எடுக்கணும் பத்திரமா வச்சுக்கோங்கனு தம்பி சொன்னாரு, இலை சருகுல விழுந்துட்டா தேடவே முடியாதேனு பிடிச்சுட்டே இருந்தேன்

அக்கா: சரி, க்ளோசப் எங்க? 14ல காணோமே

கேமரா தம்பி: ...

நான்: டேய்

கேமரா தம்பி: வெளிச்சம் போயிடுச்சுக்கா. சத்தியமா மறந்துட்டேன்

சின்ன மாமா: அப்ப நாளைக்கு மறுபடியும் 4:30க்கு. சட்டை இன்னும் ஹேங்கர்லதான் இருக்கு