வேக் டிரெஸ்ஸிங்: உறிஞ்சுவதால் புண் எப்படி ஆறுகிறது? கசிவு அலாரத்துக்கு என்ன வழி?

கேள்வி:
பாதத்தில் அறுவை செய்து திறந்துவிட்ட சர்க்கரைப் புண். வேக் (புண்ணில் ஃபோம் வைத்து, மேலே ஒட்டும் படலத்தால் மூடி, டியூப் வழியாக மெஷினால் உறிஞ்சும் கட்டு) போட்டு 125-இல் ஓடுகிறது. நீரை உறிஞ்சினால் சதை எப்படி வளரும்? விரலிடுக்கில் காற்று கசிந்து இரவெல்லாம் அலாரம். காலை வரை அணைத்து வைக்கலாமா?

பதில் 1:
நீர் வடிவது பாதி வேலைதான். 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சும்போது கருப்பு ஃபோம் சுருங்கி, புண்ணின் ஓரங்களையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. அதன் துளைகள் 400 முதல் 600 மைக்ரான். புண்ணின் மேற்பரப்பு அந்தத் துளைகளுக்குள் சிறுசிறு மேடாக எழும்பும். இப்படி இழுபடும் செல்கள் பெருகும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். ஃபோமை எடுத்ததும் பொரிபொரியாகச் சிவந்து தெரிவது அந்தப் புதுச் சதைதான். சுற்றிலும் உள்ள வீக்கமும் வடியும்.

ஆனால் செத்த சதையை இது அகற்றாது. அழுகலை முதலில் வெட்டி எடுத்தாக வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா என்றும் பார்த்திருக்க வேண்டும்.

பதில் 2:
இரவு முழுக்க அணைப்பது கூடவே கூடாது. ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் ஃபோமை எடுத்துவிட்டு, சலைனில் (மருத்துவ உப்புநீர்) நனைத்த காஸ் துணி வைத்துக் கட்ட வேண்டும். உறிஞ்சாமல் நிற்கும் ஃபோமில் கிருமி பெருகும். உடனே நர்ஸுக்குச் சொல்லுங்கள்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே அழுத்தினால் ‘உஸ்’ சத்தம் நிற்கிறதோ, அங்கே இன்னொரு படலத் துண்டு ஒட்டினால் அப்போதைக்குத் தாங்கும். அடுத்த முறை மாற்றும்போது தோலை நன்றாக உலர்த்தி, விரலிடுக்கை ஹைட்ரோகொலாய்டு (தோலில் ஒட்டும் ஜெல் போன்ற) பட்டையால் நிரப்பி, படலம் நல்ல தோலில் 3–5 செ.மீ. படியும்படி ஒட்டச் சொல்லுங்கள். இழுத்து ஒட்டினால் கொப்புளம் வரும். ஃபோம் நல்ல தோலில் பட்டால் அந்தத் தோல் ஊறி வெளுத்து, அங்கே எதுவும் ஒட்டாது. பல கசிவுக்கு மூலம் அதுவே.

பதில் 3:
அலாரத்தைவிட முக்கியம்: டியூபில் திடீரெனச் சுத்தச் சிவப்பாக ரத்தம் ஓடினால் மெஷினை நிறுத்துங்கள். ஃபோமைப் பிடுங்காமல் அதன்மேல் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

48–72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் சதை துளைகளுக்குள் வளர்ந்து, எடுக்கும்போது பிய்யும். முன்கூட்டியே மெஷினை நிறுத்தி, ஃபோமில் சலைன் விட்டு 15–30 நிமிடம் ஊறவைத்தால் வலி குறையும். உள்ளே எத்தனை ஃபோம் துண்டு என்று படலத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். ஒன்று உள்ளே தங்கினாலும் சீழ் பிடிக்கும்.