கயலின் குறுநாவலுக்கு முடிவு தேடிய குடும்பக் குழு

கயல்: அனைவருக்கும் வணக்கம். குறுநாவலை நாளை இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். நேற்றே கடைசி அத்தியாயத்தை இங்கே பகிர்ந்தேன். குரு குறித்த நாளில் உலகம் அழியாமல் போனதும், சபையில் இருப்பவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு நாயகியின் பின்னால் திரள்வதாக முடித்திருக்கிறேன். படித்தவர்கள் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பெரியப்பா: படித்தேன். நன்று.

செல்வி அக்கா: அப்பா முதல் பக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

சித்தப்பா: கயல், எழுத்து நன்றாக வந்திருக்கிறது, முடிவைத்தான் நம்ப முடியவில்லை. 1954 டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும் என்று அமெரிக்காவில் ஒரு சிறு குழு காத்திருந்தது. உறுப்பினர்களைப்போல் ஆட்களை உள்ளே அனுப்பிக் கவனித்த உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் 1956இல் அதைப் பற்றி எழுதினார்கள். வெள்ளம் வராத பிறகும் அங்கிருந்தவர்களில் பலர் நம்பிக்கையைக் கைவிடவில்லை, முன்னைவிட ஊக்கமாக ஊருக்குச் சொல்லத் தொடங்கினார்கள் என்பதே அவர்கள் கண்டதாகச் சொன்னது. வாக்குப் பொய்த்தால் குரு வீழ்வார் என்பது, வெளியே நிற்கும் நம்முடைய ஆசை.

செல்வி அக்கா: சித்தப்பா, இது வகுப்பறை அல்ல.

கயல்: அப்படியானால் அவள் எப்படித்தான் எதிர்ப்பது?

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியப்பா: என்ன எழுதி அழித்தாய்? பழைய கதையை இங்கே கிளற வேண்டாம்.

அத்தை: பழைய கதை என்று சொல்லிச் சொல்லியே இத்தனை ஆண்டுகளாக யாரும் என்னிடம் கேட்கவில்லை, அண்ணா. கயல், உன் நாயகி நடுச்சபையில் எழுந்து குருவை எதிர்த்துப் பேசுகிறாள். நான் அங்கே இருந்த காலத்தில் அப்படிப் பேசிய ஒருவரையும் பார்த்ததில்லை. அங்கே பட்டினிக்குத் தூய்மை என்று பெயர், தூங்கவிடாமல் வைத்திருப்பதற்கு விழிப்பு என்று பெயர், அடுத்தவரைப் பற்றிக் கோள் சொல்வதற்கு அன்பு என்று பெயர். ஒரு நாள் அடுக்களையில் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எனக்குப் பசிக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கும்" என்றாள். அதன்பிறகும் வெளியே வர ஏழு மாதம் ஆயிற்று.

செல்வி அக்கா: அத்தை...

சித்தப்பா: அக்கா சொல்வது முக்கியமானது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961இல் இத்தகைய மனக்கட்டுப்பாட்டுக்கு எட்டு அடையாளங்களை வகுத்தார். வழக்கமான சொற்களைப் பறித்துக்கொண்டு குழுவின் சொற்களால் மட்டுமே சிந்திக்க வைப்பது அவற்றில் ஒன்று.

பெரியப்பா: உன்னை அழைத்துவர நான் வந்தேனே, அதையும் சொல்.

அத்தை: வந்தீர்கள். வாயிலில் நின்று எல்லாரும் கேட்க முட்டாள் என்று கத்தினீர்கள். வெளியே இருப்பவர்கள் உன்னை இகழத்தான் செய்வார்கள் என்று அதற்கு முந்தின வாரம்தான் குரு சொல்லியிருந்தார்.

கயல்: அத்தை, அந்தப் பசிக் காட்சியை நான் எடுத்துக்கொள்ளலாமா?

அத்தை: எடுத்துக்கொள். ஆனால் அடுக்களையைக் கிணற்றடி என்று மாற்றிவிடு. அந்தப் பெண் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

செல்வி அக்கா: வாயிலில் கத்துபவராக அப்பாவையும் ஒரு பாத்திரமாக்கிவிடலாம்.

பெரியப்பா: பெயரையாவது மாற்றுங்கள்.

சித்தப்பா: அவள் தப்பி வந்துவிட்டாள் என்று மட்டும் முடித்துவிடாதே, கயல். 1978 மே மாதம் தென் அமெரிக்காவின் கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் சபை வாழ்ந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்பிலிருந்து தப்பிய டெபோரா லேட்டன், கூட்டத் தற்கொலைக்கு அங்கே ஒத்திகை நடப்பதாக ஜூனிலேயே உறுதிமொழிப் பத்திரம் அளித்து எச்சரித்தார். நவம்பர் 18 அன்று 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள். வெளியே வந்தவளின் சொல்லை யார் கேட்கிறார்கள் என்பதையும் நீ எழுத வேண்டும்.

கயல்: கூட்டம் திரளும் காட்சியை இப்போதே நீக்கிவிடுகிறேன். "எனக்கும்" என்ற சொல்லோடு நிறுத்துவதா, சித்தப்பா சொல்வதுபோல வெளியே வந்த பிறகும் தொடர்வதா என்பதுதான் புரியவில்லை.

சித்தப்பா: தொடர வேண்டும்.

அத்தை: அங்கேயே நிறுத்து.

செல்வி அக்கா: நாளை இரவு வரை நேரம் இருக்கிறது.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில் இருப்பாயா அம்மா?

அத்தை: பார்க்கலாம், அண்ணா.