நெவாடா ஏரிப்படுகைக்கு செஸ்னா 172-ஐக் கொண்டுபோகலாமா?

கேள்வி:
அக்டோபரில் ஹை சியரா ஃப்ளை-இன் (நெவாடாவின் டெட் கௌ என்ற வறண்ட ஏரிப்படுகையில் விமானிகள் தங்கள் விமானங்களோடு வந்து கூடும் விழா) போகலாம் என்று நானும் என் நண்பரும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் விமானம் 160 குதிரைத்திறன் செஸ்னா 172, இருவருக்கும் பாதிப் பாதி. நான் இதுவரை ஓட்டியது 210 மணி நேரம், எல்லாமே தார் ரன்வே. டெட் கௌ ஏரிப்படுகை வீடியோக்களில் பெரிய டயர் போட்ட சூப்பர் கப்களைத்தான் (கரடுமுரடான தரையிலும் இறங்கும் சிறு விமானங்கள்) பார்க்கிறேன். நம்ம வண்டியோடு போனால் சிரிப்பார்களா? அதைவிட, திரும்பி வர முடியுமா?

பதில்:
சிரிக்க மாட்டார்கள். நான் இரண்டு முறை 172-ல்தான் போனேன். காய்ந்திருந்தால் படுகை நல்ல கெட்டித் தரை. மழை பெய்திருந்தால் களிமண், அந்தப் பக்கமே போகாதீர்கள். சக்கரத்தை மூடும் வீல் பேண்டைக் கழற்றிவிடுங்கள்.

முதல் முறை என்னை ஏமாற்றியது கண்தான். மரம் இல்லை, ரன்வே ஓரம் இல்லை, எங்கும் ஒரே வெளிர் நிறம். தரை வந்துவிட்டது என்று பத்தடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கினேன், தொப்பென்று விழுந்தது. அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்: பார்வையைத் தூரத்துக் கூடாரங்களில் வைத்து, எஞ்சின் பவரைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு, அதுவாகத் தரையைத் தொடும்வரை பொறுக்க வேண்டும்.

இறங்குவதைவிடக் கிளம்புவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். ரீனோ விமான நிலையமே 4,415 அடி உயரத்தில் இருக்கிறது. 4,500 அடியில் 24 டிகிரி செல்சியஸ் என்றால் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) ஏறக்குறைய 6,600 அடி. அந்த உயரத்துக் காற்றில் ஓடுவதாகத்தான் எஞ்சின் நினைத்துக்கொள்ளும். மிக்ஸ்சரில் எரிபொருளின் அளவைக் குறைத்து வையுங்கள். ஏர்ஸ்பீட் முள் வழக்கமான எண்ணையே காட்டும், ஆனால் தரை வேகமாக ஓடும். அதைப் பார்த்துப் பயந்து மூக்கைச் சீக்கிரம் தூக்கிவிடாதீர்கள்.

நின்ற இடத்தில் ரன்-அப் (கிளம்பும் முன் எஞ்சினை வேகமாக ஓட்டிச் சோதிப்பது) செய்யாதீர்கள். பொடிக்கல்லை ப்ரொபெல்லர் உறிஞ்சும். என் பிளேடு நுனியில் ஒரு வெட்டு விழுந்து, மெக்கானிக் அரம் போட்டுச் சரிசெய்தார். உருண்டுகொண்டே பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. திரும்பும்போது எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?

பதில்:
காலையில். பிற்பகலில் ரீனோ பக்கம் மேற்குக் காற்று கிளம்பிவிடும், புழுதிச் சுழலும் சேர்ந்துகொள்ளும். ஸ்டோல் டிராக் என்ற விமானப் பந்தயம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் எழும்பி, 2,000 அடி தள்ளி இறங்கி நின்று, திரும்பி மறுபடி பறந்து வரும். பார்த்துவிட்டு அன்றைக்கே கிளம்ப நினைக்காமல் இன்னோர் இரவு தங்குங்கள்.

இன்னொருவர்:
ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அக்டோபர் பாலைவன இரவில் இறக்கை மேல் உறைபனி படியலாம். மெல்லிய படலம்தானே என்று கிளம்பினால் விமானம் எழும்பாமல் போகலாம். வெயில் ஏறி அது உருகும்வரை காபி குடியுங்கள். அப்புறம் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். விமான நிலையம் அல்லாத இடத்தில் இறங்கினால் செல்லாது என்று சிலவற்றில் இருக்கும், என்னுடையதில் இருந்தது.

கேட்டவர்:
பாலிசியை இன்றிரவே பார்க்கிறேன். நண்பர் மடக்கு சைக்கிள், இரண்டு நாற்காலி, இரும்பு அடுப்பு எல்லாம் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். தராசோடு போய் உட்கார வேண்டியதுதான். அடுப்பு வராது.