'டெட்'டுக்குள் உட்கார்ந்திருக்கும் 'பி'

மொட்டைக்கடுதாசி: "ஆங்கிலத்தில் இன்று ஊமையாக நிற்கும் எழுத்தெல்லாம் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்டவைதான்" என்று எழுத்தாணி ஐயா நேற்று அடித்துவிட்டிருந்தார். படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லில் ஒரு 'பி' இருக்கிறதே, அதை எந்த ஆங்கிலேயன் எப்போது சொன்னான்? பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி'யே கிடையாது. லத்தீனில் 'டெபிடும்' என்று இருக்கிறதே என்று பிற்காலப் பண்டிதர்கள் செருகியது அது.

எழுத்தாணி: போர்வீரனைச் சொல்லும் 'நைட்'டின் (knight) தலையில் ஒரு 'கே' நிற்கிறது. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அச்சில் எழுத்து உறைந்தது, வாய் மாறிப்போனது. அவ்வளவுதான் விஷயம்.

மொட்டைக்கடுதாசி: நான் கேட்டது 'பி'. நீங்கள் காட்டுவது 'கே'. சரி, தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'டில் உள்ள 'எஸ்'? அதுவும் 'ஐல்' (isle) என்ற வேறொரு சொல்லோடு தப்பான உறவு கொண்டாடிப் பிற்காலத்தில் நுழைத்ததுதான். ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' (receipt) என்ற சொல்லில் ஊமையாக ஒட்டிக்கொண்ட p எழுத்தும் லத்தீன் மோகம்தான். 'எல்லாம்' என்று எழுதினீர்களே, அந்த 'எல்லாம்' எங்கே போயிற்று?

எழுத்தாணி: ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்று ஒரு வாத்தியார் வருவார். 'டெட்'டில் 'பி'யைச் சொல்லாதவனைத் திட்டுகிறார். டி, இ, பி, டி என்று எழுத்துக்கூட்டியே காட்டுகிறார். 1598இல் அச்சான நாடகம். வேறென்ன சாட்சி வேண்டும்?

மொட்டைக்கடுதாசி: அட சாமி, அது நக்கல்! அந்த வாத்தியாரே கோமாளி. அவர் திட்டுகிறார் என்றாலே ஊரில் 'பி'யை யாரும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

ஓய்வுபெற்ற டீச்சர்: முப்பது வருஷம் டிக்டேஷன் போட்டவள் நான். "வாயில வராத எழுத்துக்கு ஏன் டீச்சர் மார்க் குறைக்கிறீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். தலையில் குட்டி உட்கார வைத்தேன், வேறென்ன செய்ய? தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. எழுதியபடி படிக்கலாம்.

கோவைக் குசும்பன்: 'ஐயோ பாவம்' என்பதையும் பரதநாட்டிய 'பாவம்' என்பதையும் ஒரே மாதிரியா படிப்பீங்க டீச்சரம்மா?

ஓய்வுபெற்ற டீச்சர்: அது வடசொல். கணக்கில் வராது.

கோவைக் குசும்பன்: இரண்டுமே வடசொல்தான். ஆங்கிலேயர்களும் கடனுக்கான சொல்லையே கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள்!

ஓய்வுபெற்ற டீச்சர்: தம்பி, போன மாதம் 'அருகாமை' சரியான சொல்லா என்ற விவாதத்திலும் இப்படித்தான் வாலாட்டினீர்கள்.

கோவைக் குசும்பன்: அதில் நான் சொன்னதுதான் சரி.

மொட்டைக்கடுதாசி: 'அருகாமை'யை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணி ஐயா, 'பி'யைச் சொன்ன ஒரே ஒரு ஆளைக் காட்டுங்கள்.

எழுத்தாணி: காட்டிவிட்டேனே. ஹோலோஃபெர்னஸ்.

மொட்டைக்கடுதாசி: அவர் நாடகப் பாத்திரம்!

எழுத்தாணி: பாத்திரத்துக்கு வாய் கொடுத்தவன் நடிகன். மேடையில் நின்று அவன் 'பி'யைச் சொன்னானா இல்லையா?

மொட்டைக்கடுதாசி: மேடையில் சொன்னதெல்லாம் பேச்சுவழக்கா? நாளைக்கு ராஜபார்ட் வசனத்தை வைத்து, மதுரைக்காரன் மார்க்கெட்டில் அப்படித்தான் பேசினான் என்பீர்களா?

எழுத்தாணி: சொன்னானா, இல்லையா?

ஓய்வுபெற்ற டீச்சர்: 'அருகாமை' பற்றி நான் இன்னும் பேசி முடிக்கவில்லை.