குண்டு வீசி அணுகுண்டைத் தடுக்க முடியுமா?

கரிசல்:
2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஈரானின் போர்டோ, நடன்ஸ், இஸ்பஹான் அணு நிலையங்கள் மூன்றையும் தாக்கியபோது "கதை முடிந்தது" என்று இங்கே எழுதியவர்களில் நானும் ஒருவன். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. முதல் இரண்டு இடங்களில் விழுந்தவை மட்டும் 14 பங்கர் பஸ்டர்கள், அதாவது நிலத்தைத் துளைத்து ஆழத்தில் வெடிக்கும் குண்டுகள், ஒவ்வொன்றும் 13 டன்னுக்கு மேல். யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்கள் நொறுங்கியிருக்கும், சரி. ஆனால் தாக்குதலுக்கு முன் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்ததாகச் சர்வதேச அணுசக்தி முகமை கணக்குச் சொன்னதே, அது என்ன ஆனது?

வில்லாளன்:
இதே புலம்பல் 1981 ஜூனிலும் கேட்டது. பாக்தாத் அருகே ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் தகர்த்தபோது உலகமே கண்டித்தது. கடைசிவரை சதாம் கையில் அணுகுண்டு வந்ததா? சிரியாவையும் பாருங்கள். 2007 செப்டம்பரில் டெய்ர் எஸ்ஸோர் பக்கம் ஒரே இரவில் உலையை அழித்தார்கள், மறுபடி கட்டவே இல்லை. சில வருடத்தில் அந்த வட்டாரம் ஐஎஸ் பயங்கரவாதிகள் கைக்குப் போனது. உலை அங்கே இருந்திருந்தால்?

தாழி:
சிரியாவை ஒப்புக்கொள்கிறேன். வெளியார் உதவியோடு கட்டிய ஒற்றை உலை, அது போனதும் எல்லாம் போனது. ஆனால் ஈராக்கை உங்கள் பக்கம் சேர்க்காதீர்கள் நண்பரே. ஒசிராக் பிரான்ஸ் கட்டிக்கொடுத்த உலை, முகமையின் கண்காணிப்பில் இருந்தது. அது போனபின் சதாம் திட்டத்தைக் கைவிடவில்லை. ரகசியமாக, இன்னும் பெரிதாக, யுரேனியம் செறிவூட்டும் வழியில் இறங்கினார். பத்து வருடம் அதன் முழு அளவு யாருக்கும் தெரியவில்லை. 1991 போருக்குப் பின் ஆய்வாளர்கள் போனபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பெரிய பெரிய கருவிகளை லாரிகளில் ஏற்றி ஒளித்தார்கள், படம் பிடித்தவர்களை மிரட்ட வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அதையெல்லாம் தேடிப் பிடித்து அழித்தது விமானமா, கையில் கேமராவோடு போன ஆட்களா?

வில்லாளன்:
அந்த ஆட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது எது? போர்தானே!

தாழி:
போர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ராத்திரி வந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய போர் அல்ல. படையைத் தோற்கடித்து, ஐ.நா. தீர்மானம் 687-இல் நிபந்தனை போட்டு, வருடக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து சோதித்தார்கள். ஈரான் விஷயத்தில் நடந்தது தலைகீழ். குண்டு விழுந்ததும் முகமையுடன் ஒத்துழைப்பை நிறுத்திச் சட்டம் போட்டார்கள், ஜூலைத் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் வெளியேறினார்கள்.

சும்மா ஒரு வாசகர்:
வடகொரியாவை ஏன் யாரும் பேசவில்லை? 1994-இல் அங்கிருந்த யோங்பியோன் அணு நிலையத்தைத் தாக்க அமெரிக்கா திட்டமே வைத்திருந்தது. பீரங்கி எட்டும் தூரத்தில் சியோல் இருந்ததால் தயங்கினார்கள். அடிக்க முடிகிற நாட்டைத்தான் அடிக்கிறார்கள்.

வில்லாளன்:
அடிக்காமல் ஒப்பந்தம் போட்டார்கள், 2006-இல் அவன் குண்டு வெடித்துக் காட்டினான். உங்கள் காகிதத்தின் லட்சணம் இது.

தாழி:
அந்தக் காகிதம் யோங்பியோன் உலையை எட்டு வருடம் ஆய்வாளர்கள் கண்ணெதிரே நிறுத்தி வைத்தது. வேறு வழியில் ஏமாற்றினார்கள், உண்மைதான். குண்டு சில வருட அவகாசம் தந்தால் வெற்றி, ஒப்பந்தம் எட்டு வருடம் தந்தால் தோல்வியா? என்ன கணக்கு இது?

கரிசல்:
நடுவில் ஒரு விஷயம். இயற்கை யுரேனியத்தில் குண்டுக்கு வேண்டிய வகை (யுரேனியம்-235) 0.7 சதவீதம்தான், அந்தப் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். அதை 60-க்குக் கொண்டுவருவதற்குள் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து குண்டுக்கு ஏற்ற 90-க்குப் போக, செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்கள் கொஞ்சம் போதும், சாதாரணக் கிடங்கு அளவு இடம் போதும். யுரேனியமோ உருளைகளில் அடைத்து வண்டியில் கொண்டுபோகக்கூடிய சரக்கு.

வில்லாளன்:
அப்படியென்றால் மறுபடி கட்டினால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். எத்தனை தடவை கட்டுவார்கள்?

தாழி:
நடன்ஸுக்குத் தெற்கே ஒரு மலையைக் குடைந்திருப்பது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிகிறது. அந்த ஆழத்துக்கு எந்தக் குண்டு போகும் என்பது அடுத்த கேள்வி. கரிசல் சொன்ன கிடங்கு எந்தத் தெருவில் இருக்கிறது என்று முதலில் யார் போய்ப் பார்த்துச் சொல்வார்கள்?