கவின் கம்ப்யூட்டருக்கு என்ன செய்யலாம்?

குழு: யீஷூன் குடும்பம்

வெள்ளி, இரவு 9.40

கவின்: சித்தப்பா இருக்கிறீர்களா? ஒரு யோசனை வேண்டும். இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள் கேம் வாங்கலாம் என்று பார்த்தேன், படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு குறைந்தபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் வேண்டும் என்று போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது அண்ணன் கொடுத்த ஜிடிஎக்ஸ் 1060. கடையில் கேட்டேன், எல்லாவற்றையும் மாற்ற 2,900 வெள்ளி ஆகுமாம். விடுமுறை வேலையில் சேர்த்தது, தீபாவளிக்கு நீங்கள் எல்லாரும் கொடுத்தது, எல்லாம் சேர்த்து என்னிடம் 1,600 இருக்கிறது.

அம்மா: 2,900 வெள்ளியா? இதை என்னிடம் சொல்லவே இல்லையே கவின்.

சித்தப்பா: அண்ணி, அவன் இன்னும் வாங்கவில்லை, கேட்கத்தான் செய்கிறான். வாங்குவதற்கு முன்னால் கேட்டானே, அதுவே நல்லது. கவின், அந்த கேமுக்கு ரே டிரேசிங் உள்ள கார்டு கட்டாயம். 1060 வந்தது 2016இல், அதற்குள் அந்தப் பகுதியே கிடையாது. 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அப்படித்தான். முன்பெல்லாம் படத்தின் தரத்தை எல்லாம் லோவில் வைத்துவிட்டால் பழைய கார்டிலும் எப்படியாவது ஓட்டிவிடலாம், நானே அப்படி எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். இப்போது வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

சாந்தி அத்தை: அது என்ன ரே டிரேசிங்? மீனாவும் அடிக்கடி இந்தச் சொல்லைச் சொல்கிறாள். கவின் விளையாடும்போது பார்த்திருக்கிறேன், படம் அழகாகத்தானே இருக்கிறது?

மீனா அக்கா: அம்மா, நான் வேலையில் வீட்டு உள்ளலங்காரத்துக்குப் படம் செய்கிறேன் இல்லையா? ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் படும், தரையின் மர நிறம் லேசாகச் சுவரில் ஏறும். அந்த ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போடுவதுதான் ரே டிரேசிங். எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு படம், அதற்கே சில நாள் இரவு முழுக்க கம்ப்யூட்டர் ஓடும். கேமில் வினாடிக்கு 60 படம் வேண்டும். அதனால் நிறையக் குறுக்குவழி வைத்துத்தான் செய்கிறார்கள், அப்படியும் கார்டு திணறுகிறது.

மீனா அக்கா: பழைய கேம்களில் இந்த வெளிச்சத்தை ஸ்டூடியோவிலேயே ஒரு தடவை கணக்குப் போட்டு, சுவருக்கு வர்ணம் பூசுவது மாதிரி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். பேக் செய்வது என்று சொல்வோம். விளக்கை நகர்த்தினால் வெளிச்சம் கூடவே நகராது, ஆனால் வீட்டில் இருக்கும் கார்டுக்குப் பாரமே இல்லை. ஸ்டூடியோ ஒரு தடவை செய்த அந்த வேலையை இப்போது கேமை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டிலும், வினாடிக்கு 60 தடவை செய்யச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நேரம் மிச்சம், செலவு கவின் மாதிரிப் பிள்ளைகளுக்கு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை மாமா.

சித்தப்பா: பாதி ஒத்துக்கொள்கிறேன் மீனா. ஆனால் ரே டிரேசிங் உள்ள ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வந்தது 2018இல், இண்டியானா ஜோன்ஸ் வந்தது 2024 டிசம்பரில். ஆறு வருடம் பொறுத்துத்தான் கட்டாயம் என்றார்கள். அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு வருத்தம் வேறு இடத்தில். 2025 பிப்ரவரியில் மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் வந்தபோது, அவர்கள் பரிந்துரைத்த கம்ப்யூட்டரிலேயே 1080பி திரை, மீடியம் தரம், வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், அதுவும் பிரேம் ஜெனரேஷன் போட்டால்தான் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கவின்: பிரேம் ஜெனரேஷன் போட்டால் 60 வருகிறதே, அது 60 தானே?

சித்தப்பா: இல்லை. கார்டு உண்மையாக வரைவது 30 என்று வைத்துக்கொள். இரண்டு படத்துக்கு நடுவில் ஒரு படத்தைத் தானே ஊகித்துச் செருகுகிறது. கண்ணுக்கு 60 தெரியும், ஆனால் நீ பட்டனை அழுத்தியதைக் கேம் கவனிப்பது அந்த 30 கணக்கில்தான், நடுப்படம் செய்யக் காத்திருப்பதால் இன்னும் கொஞ்சம் தாமதம் வேறு. ஏற்கனவே 60 ஓடுகிற கேமை 100க்குக் கொண்டுபோக அது அருமையான வசதி. 30இல் தடுமாறுகிற கேமை அது காப்பாற்றாது, கையில் சேற்றைக் கிளறுவது மாதிரி இருக்கும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் வேறு விஷயம், அது சின்னதாக வரைந்து பெரிதாக்குவது. 4கே திரையில் அதை பெர்ஃபார்மன்ஸ் என்ற நிலையில் வைத்தால் உள்ளே வரைவது 1080பி தான். பெரிய திரையில் நன்றாகவே இருக்கும். உன் 1080பி திரையில் அதையே செய்தால் உள்ளே 540பி, இலை, கூந்தல், கம்பிவேலி எல்லாம் கலங்கித் தெரியும்.

அம்மா: எனக்கு இதெல்லாம் புரியவில்லை, ஒன்றுதான் தெரியும். அவன் அறை மத்தியானத்தில் இப்போதே அடுப்பங்கரை மாதிரி இருக்கிறது. பெரிய கம்ப்யூட்டர் வந்தால் ஏர்கானை நிறுத்தவே மாட்டான்.

சித்தப்பா: அண்ணி சொல்வது சரிதான், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர் இழுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வரும். 1060 கார்டு 120 வாட். இப்போதைய ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு மட்டுமே 575 வாட். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு அது கணப்பு, நமக்கு அப்படியா? முழு கம்ப்யூட்டரும் 400 வாட் என்று வைத்தாலே, ஒரு நாளைக்கு 4 மணி நேரம், 30 நாளுக்கு 48 யூனிட். யூனிட் ஏறக்குறைய 30 காசு, மாதம் 14 வெள்ளிக்கு மேல். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏர்கானுக்குத் தனி.

கவின்: நான் 5090 எல்லாம் கேட்கவில்லை சித்தப்பா 🙏

சித்தப்பா: தெரியும்டா. உன் திரை என்ன?

கவின்: 24 இன்ச், 1080பி, 60 ஹெர்ட்ஸ்.

சித்தப்பா: அப்படியென்றால் அதிலிருந்து ஆரம்பி. 1080பி திரையில் 2 மில்லியன் புள்ளி. 1440பி என்றால் 3.7 மில்லியன். 4கே என்றால் 8.3 மில்லியன், உன்னுடையதைப்போல் நான்கு மடங்கு. கடையில் 2,900க்குச் சொன்னதில் இருக்கும் கார்டு 4கே ஓட்டுவதற்கு. உன் திரை வினாடிக்கு 60க்கு மேல் காட்டவே காட்டாது. நாளைக்கு ஒரு வேலை செய். சைபர்பங்க் 2077 கேம் வைத்திருக்கிறாய் இல்லையா, அதற்குள்ளேயே வேகத்தை அளந்து காட்டும் பெஞ்ச்மார்க் இருக்கிறது. முதலில் நீ விளையாடுகிற மாதிரியே ஒரு தடவை ஓட்டு. அப்புறம் செட்டிங்கை ஒவ்வொன்றாகக் குறை, ஒவ்வொரு தடவையும் எண்ணை எழுதி வை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைக்காதே, எது தின்றது என்று தெரியாமல் போய்விடும்.

மீனா அக்கா: டெக்ஸ்சரை, அதாவது சுவர், துணி மேல் ஒட்டுகிற படத்தை, மட்டும் குறைக்காதே கவின். கார்டில் இருக்கும் நினைவகத்துக்குள் அடங்குகிற வரைக்கும் டெக்ஸ்சர் வேகத்தைத் தொடவே தொடாது, படத்தின் அழகில் பாதி அதில்தான் இருக்கிறது. அடங்காவிட்டால்தான் வினை. என் கார்டு 8 ஜிபி, ஒரு கேமில் டெக்ஸ்சரை ஒரு படி ஏற்றினேன், சராசரி 70 காட்டியது, ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அரை வினாடி உறைந்து நின்றது. எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சனி, மாலை 5.15

கவின்: செய்துவிட்டேன் சித்தப்பா. ஹையில் வினாடிக்கு 29 பிரேம். பிரதிபலிப்புக்கான ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்லெக்‌ஷனை லோவில் வைத்தேன், மூடுபனிக்கான வால்யூமெட்ரிக் ஃபாக், மேகம், நிழல் மூன்றையும் மீடியத்துக்குக் கொண்டுவந்தேன், 41 வந்தது. டெக்ஸ்சரைத் தொடவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியவில்லை. ஆனால் கூட்டமான தெருவில் இன்னும் தட்டுத் தட்டாக நிற்கிறது. அங்கே 720பி ஆகக் குறைத்தும் பார்த்தேன், இரண்டு மூன்றுதான் கூடியது.

சித்தப்பா: அருமை, இதைத்தான் நீயே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்தால் கார்டுக்கு வேலை பாதிக்கும் கீழே போகிறது. அப்படியும் கூடவில்லை என்றால் அந்த இடத்தில் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது, பிராசஸர்தான் முடியவில்லை என்கிறது. கூட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆளையும் அதுதான் நடத்த வேண்டும். உன்னுடையது ஐ5-7400, 2017இல் வந்தது, நான்கு கோர். 60 பிரேமுக்கு ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்டுதான் நேரம், ஒரே ஒரு படம் 50 எடுத்துக்கொண்டாலும் தட்டுவது உனக்குத் தெரியும். இதில் புதுக் கார்டை மட்டும் மாட்டியிருந்தால் பணத்தைக் கொட்டியும் அந்தத் தெருவில் இதே தட்டுத்தான்.

சித்தப்பா: இன்னொன்று, விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 உன் பிராசஸரை ஏற்காது. அதனால் முதல் பணம் பிராசஸருக்கும் அதை மாட்டுகிற மதர்போர்டுக்கும்தான் போக வேண்டும்.

கவின்: அப்படியென்றால் ராமும் மாற்ற வேண்டுமா? ராம் விலை இப்போது பயங்கரமாக இருக்கிறது.

சித்தப்பா: அதனால்தான் யோசித்து வைத்தேன். பிராசஸர் ரைசன் 5 5600, ஆறு கோர், அதற்கு ஒரு பி550 மதர்போர்டு. இது டிடிஆர்4 வகை ராம் எடுக்கும், உன்னிடம் இருக்கும் 16 ஜிபியும் டிடிஆர்4 தான், அப்படியே கழற்றி மாட்டலாம். கொஞ்சம் மெதுவான ராம், சில பிரேம் குறையும், பரவாயில்லை. பவர் சப்ளை எட்டு வருடப் பழசு, அதைக் கட்டாயம் மாற்று, அதில் மட்டும் மலிவு பார்க்காதே. கார்டுக்கு 16 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, எது அன்றைக்கு விலை குறைவோ அது. இரண்டுமே 8 ஜிபியிலும் வருகிறது, பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும், பெயர் ஒன்றேதான். உன் 1080பி திரையில் ஹையில் வைத்துப் பல வருடம் ஓடும். 1,600க்குள் அடக்கப் பார்க்கலாம்.

மீனா அக்கா: அல்ட்ரா வேண்டாம் கவின், ஹை போதும். நான் நாள் முழுக்க வெளிச்சத்தையும் நிழலையும்தான் பார்க்கிறேன், எனக்கே பல இடத்தில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா: பழைய கார்டை என்ன செய்வது?

கவின்: பழைய போர்டையும் அதையும் சேர்த்து கீழ்வீட்டுத் தம்பிக்குக் கொடுக்கலாமா அம்மா? அவன் ராம் மட்டும் போட்டால் போதும், மைன்கிராஃப்ட்தான் விளையாடுவான்.

அம்மா: கொடு. அவன் அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

சித்தப்பா: நாளைக்கு 11 மணிக்கு ரோச்சோர் எம்ஆர்டியில் நில், சிம் லிம் ஸ்குவேர் போய் நான்கைந்து கடையில் விலை கேட்போம். கேட்கத்தான் போகிறோம், நாளைக்கே வாங்குவதில்லை.

சாந்தி அத்தை: முடிந்ததும் இரண்டு பேரும் சாப்பிட இங்கே வந்துவிடுங்கள், மீன்குழம்பு வைக்கிறேன்.