லிப்பிட் ராஃப்ட்: திட்டா, தெப்பமா, புணையா?

அன்புள்ள குழுவினருக்கு,

அல்சைமர் நோயில் மூளைக் கொலஸ்ட்ராலின் பங்கு குறித்த சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. செல் சவ்வின் ஒரு நுண்பகுதியைக் குறிக்கும் ‘லிப்பிட் ராஃப்ட்’ மட்டும் தமிழ்ச்சொல் கிடைக்காமல் தொங்கலில் நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: கொழுப்புத் திட்டு, கொழுப்பு மிதவை, கொழுமியத் தெப்பம். எது காதுக்கு இனிது என்று பார்ப்பதற்கு முன் இந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று பார்த்துவிடலாம்.

செல் சவ்வு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. வெளிச்சவ்வின் கொழுமிய (லிப்பிட்) மூலக்கூறுகளில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொலஸ்ட்ராலாகவே இருக்கலாம். நீண்ட, நிறைவுற்ற வால்கள் கொண்ட ஸ்ஃபிங்கோமயலின், கேங்லியோசைடு போன்ற கொழுமியங்களோடு அது நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அப்படி அடுக்கிய பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சற்றுத் தடித்தும் இறுகியும் இருக்கும்; ஆனாலும் உறையாது, நீர்மமாகவே பக்கவாட்டில் நகரும். சில புரதங்கள் அதில் ஏறும், சில ஏறா. சைமன்ஸ், இக்கோனன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் இதற்கு ‘ராஃப்ட்’ (நீரில் மிதக்கும் தெப்பம்) என்ற பெயரை நிலைநாட்டினார்கள்.

அல்சைமருக்கு இது ஏன் வேண்டும்? அமைலாய்டு முன்னோடிப் புரதமான ஏபிபியை வெட்டும் நொதிகள் சவ்வில் வெவ்வேறு இடங்களில் வேலை செய்கின்றன. ஏடாம்10 என்னும் ஆல்ஃபா செக்ரடேஸ் பெரும்பாலும் ராஃப்டுக்கு வெளியே, செல் பரப்பில் வெட்டுகிறது. அந்த வெட்டு, அல்சைமர் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா என்னும் பகுதியின் நடுவிலேயே விழுவதால் நச்சுத் துண்டு உருவாக வழியில்லை. பேஸ்1 என்னும் பீட்டா செக்ரடேஸ் பால்மிட்டிக் அமில வால் ஒட்டிய புரதம், ராஃப்டை நாடும், செல்லுக்குள் இருக்கும் அமிலத்தன்மை மிகுந்த பையான எண்டோசோமில் நன்றாக இயங்கும். அது வெட்டியபின் மிஞ்சும் 99 அமினோ அமிலத் துண்டை காமா செக்ரடேஸ் வெட்டும்போது 40, 42 அமினோ அமில நீளமுள்ள அமைலாய்டு பீட்டா துண்டுகள் வருகின்றன. ஆக, ஏபிபி எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதே எந்தக் கத்தி அதன்மேல் விழும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கிறது.

எனவே நாம் தேடும் சொல்லுக்கு நகரும் தன்மை வேண்டும், பொருளை ஏற்றிக்கொள்ளும் தன்மை வேண்டும், ‘ராஃப்ட் சார்ந்த புரதம்’, ‘ராஃப்டைக் குலைத்தல்’ என்று நீட்டவும் முடிய வேண்டும். என் சாய்வு ‘கொழுமியத் தெப்பம்’.

* * *

> கொழுப்புத் திட்டு, கொழுப்பு மிதவை

ஐயா, முன்பாதியை முதலில் தீர்த்துவிடுங்கள். ‘கொழுப்பு’ வேண்டவே வேண்டாம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து “கொழுப்பு ஏறிவிட்டது” என்று சொல்கிறவருக்கு அந்தச் சொல் கொலஸ்ட்ரால். சமையலறையில் அதே சொல் எண்ணெயும் நெய்யும். உயிர்வேதியியலில் லிப்பிட் என்னும் முழுக் குடும்பம். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அல்சைமர் பற்றி எழுதினால், “கொழுப்புச் சாப்பாட்டைக் குறைத்தால் மூளையில் திட்டு கரையும்” என்று வாசகர் படிப்பார். அவர்மேல் பிழையில்லை.

மூளைக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை மூளையே செய்துகொள்கிறது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து ஓடும் எல்டிஎல் துகள் இரத்த–மூளைத் தடையைக் கடப்பதில்லை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள இந்த உறுப்பில் உடலின் கொலஸ்ட்ராலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. ஏறத்தாழ 25 முதல் 35 கிராம். அதில் 70 சதவீதத்துக்கு மேல் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில். வெளியேறும் வழி மெதுவானது: நரம்பணுவில் உள்ள சிஒய்பி46ஏ1 நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்து 24எஸ்–ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் ஆக்குகிறது, அந்த வடிவில் நாளுக்கு 6, 7 மில்லிகிராம் அளவே தடையைத் தாண்டி இரத்தத்துக்கு வருகிறது. 30 கிராம் இருப்பில் 6 மில்லிகிராம் என்பது 0.02 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள், முழுவதும் மாற ஆண்டுக்கணக்கு ஆகும். இரத்தக் கொலஸ்ட்ராலோ சில நாட்களில் மாறிவிடும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் சோதனைகளையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். லேசான முதல் நடுத்தர அல்சைமர் உள்ளவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் 72 வாரம் கொடுத்துப் பார்த்த சோதனையும், சிம்வாஸ்டாட்டின் கொடுத்து 18 மாதம் தொடர்ந்த சோதனையும் இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைத்தன. நினைவாற்றல் சரிவைத் தடுக்கவில்லை. அதற்காக இரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பே இல்லை என்று மறுகோடிக்குப் போகக் கூடாது. நடுவயதில் எல்டிஎல் மிகுந்திருப்பதை லான்செட் மருத்துவ இதழின் 2024 ஆணைய அறிக்கை ஆபத்துக் காரணிகளில் சேர்த்திருக்கிறது. இரத்தக் குழாய்ச் சேதம் ஒரு வழி. கொலஸ்ட்ராலின் இன்னொரு மாற்று வடிவமான 27–ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவது இன்னொரு வழியாக இருக்கலாம்.

ஆகவே: லிப்பிட் = கொழுமியம். கொலஸ்ட்ரால் = கொலஸ்ட்ரால், அப்படியே. கொழுப்பு = உணவிலும் உடலிலும் சேமிப்பாக இருப்பது மட்டும்.

* * *

முன்பாதிக்கு முழு உடன்பாடு. பின்பாதியில் ‘திட்டு’க்கு ஒரு தடை: அது ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. நம் பட்டியலிலேயே 14ஆம் வரியில் செல்களுக்கு வெளியே சேரும் அமைலாய்டு பிளேக்குக்கு ‘அமைலாய்டுத் திட்டு’ என்று போட்டிருக்கிறோம். (தமனியில் ஒட்டும் பிளேக்கிலிருந்து பிரித்துக்காட்ட அப்படி வைத்தோம், அதற்குப் ‘படிவு’.) இப்போது சவ்வுக்குள் இருக்கும் நானோ பகுதிக்கும் திட்டு என்றால், “திட்டில் பேஸ்1 சேர்ந்தது” என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள். ஆய்வுக் கட்டுரையில் இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடியவை, அதுதான் ஆபத்து.

மிதவை பற்றி ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து யாராவது சொல்லுங்கள்.

* * *

> மிதவை பற்றி ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து

மிதவையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காரணம் செய்முறையிலேயே இருக்கிறது.

ராஃப்டைப் பிரிப்பதாகச் சொல்லிச் செய்வது வழக்கமாக இது: செல்களை 1 சதவீத டிரைட்டன் எக்ஸ்–100 என்னும் டிடர்ஜென்ட் (சவ்வைக் கரைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில், பனிக்கட்டி மேல், அரை மணி நேரம் வைப்பார்கள். அதே அளவு 80 சதவீத சுக்ரோஸைச் சேர்த்து 40 சதவீதமாக்கிக் குழாயின் அடியில் இடுவார்கள். மேலே 30 சதவீதம், அதற்கு மேல் 5 சதவீதம். 4 டிகிரியில், ஏறத்தாழ 2 லட்சம் ஜி விசையில், 16 முதல் 18 மணி நேரம் சுழற்றுவார்கள். முடிவில் 5க்கும் 30க்கும் இடையில் பால்போல் ஒரு பட்டை நிற்கும். 12 மில்லிலிட்டர் குழாயை மேலிருந்து ஒவ்வொரு மில்லிலிட்டராக எடுத்தால் அது 4, 5ஆம் பகுதிகளில் வரும். ராஃப்டில் ஏறும் புரதமான ஃப்ளோட்டிலின் அங்கே இருக்கிறதா, ராஃப்டில் ஏறாத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி அடியில் தங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிப்பு சரியா என முடிவு செய்வோம்.

மிதந்து வருவது உயிருள்ள சவ்வில் இருந்த ராஃப்ட் அல்ல. குளிரில் டிடர்ஜென்ட் கரைக்க முடியாமல் விட்ட எச்சம். செல் வாழ்வது 37 டிகிரியில்; நாம் கரைப்பது 4 டிகிரியில். குளிர்ச்சியே கொழுமியங்களை இறுக வைக்கும். டிரைட்டனே சிறு பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துவிடவும் கூடும். டிரைட்டனுக்குப் பதில் லூப்ரால் அல்லது சாப்சோ என்ற வேறு டிடர்ஜென்டைப் போட்டால் வேறு புரதப் பட்டியல் வரும். டிடர்ஜென்ட்–புரத விகிதம் மாறினாலும் மாறும். குழாய் சற்றுச் சூடானால் மேலே இருக்க வேண்டியவை அடியில் கிடக்கும். மூளைத் திசுவில் இன்னொரு வம்பு: மயலினின் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுமியம், அதுவும் கூடவே மிதந்து வந்து பட்டையில் கலந்துவிடும். முதலில் மயலினை நீக்காமல் “அல்சைமர் மூளையில் ராஃப்ட் கொலஸ்ட்ரால் குறைந்தது” என்று எழுதினால், குறைந்தது ராஃப்டா, மயலின் நிறைந்த வெள்ளைப் பொருளா என்று சொல்ல முடியாது.

‘மிதவை’ என்று பெயர் வைத்தால் இந்தக் குழப்பத்தைச் சொல்லுக்குள்ளேயே தைத்துவிடுகிறோம். மிதந்ததெல்லாம் ராஃப்ட் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். டிடர்ஜென்டில் கரையாமல் மிஞ்சும் சவ்வுக்கு என் பரிந்துரை ‘கரையா எச்சம்’. எச்சம் என்றாலே ஒரு செயலுக்குப் பின் மிஞ்சியது என்று புரியும்.

கொலஸ்ட்ராலை உருவிப் பார்க்கும் சோதனைக்கும் இதே எச்சரிக்கை. மெத்தில்–பீட்டா–சைக்ளோடெக்ஸ்ட்ரின் 5 முதல் 10 மில்லிமோலார், 37 டிகிரி, 30 நிமிடம். அது ராஃப்டிலிருந்து மட்டும் எடுக்காது, சவ்வு முழுவதிலிருந்தும் எடுக்கும். நரம்பணுக்கள் எளிதில் சாகும். கொலஸ்ட்ராலை அவ்வளவாக எடுக்காத ஆல்ஃபா–சைக்ளோடெக்ஸ்ட்ரினை ஒப்பீட்டுக்கு வைப்பதும், கொலஸ்ட்ரால் ஏற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரினைக் கொடுத்து விளைவு திரும்புகிறதா என்று பார்ப்பதும் இல்லாமல் “ராஃப்டைக் குலைத்தோம்” என்று எழுதக் கூடாது. 1998இல் எலி மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸின் நரம்பணுக்களில் லோவாஸ்டாட்டினும் சைக்ளோடெக்ஸ்ட்ரினும் சேர்த்துக் கொலஸ்ட்ராலை 70 சதவீதம் குறைத்தபோது அமைலாய்டு பீட்டா உற்பத்தி அடங்கியது. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் 70 சதவீதம் என்பது உயிருள்ள மூளையில் எந்த மருந்தும் செய்யக்கூடிய அளவல்ல.

* * *

அப்படியானால் நான் ஒரு பழஞ்சொல்லை முன்வைக்கிறேன்: புணை.

புறநானூறு 192இல் “நீர்வழிப் படூஉம் புணைபோல்” என்று வருவது எல்லோருக்கும் தெரியும். துடுப்பில்லாமல், நீர் போகும் வழியில் போவது. சவ்வுப் பரப்பில் விரவிச் செல்லும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஒட்டுகளும் சுருக்கமாக வருகின்றன: கொழுமியப் புணை, புணைசார் புரதம், புணைக்குலைப்பு, புணைநாட்டம். ‘தெப்பம் சார்ந்த புரதம்’ என்று இழுக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. இலங்கைப் பாடநூல்களில் செல் என்பது ‘கலம்’. கலம் என்றால் கப்பலும்தான். கலமென்சவ்வில் தெப்பம் என்று எழுதினால் கடற்படை நூல்போல இருக்கும்.

* * *

> புணை

சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளி மாணவரிடம் கேளுங்கள், பத்தில் ஒன்பது பேர் ‘பிணை’யின் எழுத்துப்பிழை என்பார்கள். சட்டத் தமிழில் புணைக்கு ஜாமீன் என்றும் பொருள் உண்டு. தெப்பம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த சொல் இருக்கும்போது தெரியாததைத் தேடுவது கலைச்சொல் வேலையின் பழைய நோய்.

* * *

> தெரிந்த சொல் இருக்கும்போது

அம்மா, பொதுவாக நானும் இதையே சொல்வேன். இங்கே எனக்குத் தயக்கம் வருவது தெரிந்த சொல்லோடு கூட வரும் உருவத்தால். தெப்பம் என்றதும் பெரிய, கட்டிய, நெடுநேரம் நிலைக்கும் ஒன்று மனத்தில் எழுகிறது. உண்மையில் நடப்பது வேறு. 2006இல் இத்துறையினர் கூடி ஒப்பிய வரையறை 10 முதல் 200 நானோமீட்டர் என்கிறது. சீரற்ற அமைப்பு, மிக வேகமான மாற்றம் என்கிறது. 2009இல் ஸ்டெட் என்னும் மிகு பகுதிறன் ஒளி நுண்நோக்கி கொண்டு உயிருள்ள செல்லில் அளந்தபோது ஸ்ஃபிங்கோமயலின் மூலக்கூறு 20 நானோமீட்டருக்கும் குறைந்த இடத்தில் 10, 20 மில்லிநொடியே மாட்டிக்கொண்டு விலகியது. இமைப்பதற்குள் பலமுறை கூடிக் கலையும் ஒன்று. சாதாரண ஒளி நுண்நோக்கியின் பகுதிறன் 200 நானோமீட்டர் அளவில் நின்றுவிடுவதால் தனித்த ராஃப்டை அதில் காண முடியாது. படத்தில் பளிச்சென்று பெரிதாகத் தெரிந்தால் பல ஒன்றாக இணைந்த மேடையாக இருக்கலாம், அல்லது சாயம் செய்த வேலை.

அதனால்தான் உருவம் மங்கிய புணை எனக்குப் பிடித்திருக்கிறது. மாணவர் அதைப் புதுச்சொல்லாகக் கற்பார். பழைய படத்தை அழிக்கும் வேலை இருக்காது. ஜாமீன் பொருளோடு மோதாது, நீதிமன்றத்தில் சவ்வு வருவதில்லை.

* * *

மருத்துவப் பக்கத்திலிருந்து ஒன்று. சொல் எதுவானாலும், மூளையில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஏபிஓஇ புரதம் பற்றிய பத்தியில் அது பொருந்துகிறதா என்று ஓட்டிப் பாருங்கள், அங்கேதான் அடிக்கடி வரப்போகிறது. வளர்ந்த நரம்பணு தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச்செல்லிடமிருந்து வாங்குகிறது; ஏபிசிஏ1 ஏற்றிவிட, ஏபிஓஇ புரதம் சுமந்து வர, எல்டிஎல் ஏற்பியும் எல்ஆர்பி1உம் இறக்கிக்கொள்கின்றன. 299 அமினோ அமிலம் கொண்ட இந்தப் புரதத்தில் 112ஆம் இடத்தில் சிஸ்டைனுக்குப் பதில் ஆர்ஜினின் வந்தால் இ3 வடிவம் இ4 ஆகிறது. அந்த ஒரு மாற்றத்தால் அது கொழுமியத்தை ஏற்றுக்கொள்வதில் பின்தங்குகிறது. இ4 மரபணு ஒரு படி இருந்தால் அல்சைமர் ஆபத்து சுமார் 3, 4 மடங்கு. இரண்டு படி இருந்தால் 8 முதல் 12 மடங்கு அல்லது அதற்கும் மேல். இந்தத் தொடர்பு 1993இலிருந்தே தெரியும். 2022இல் வந்த ஆய்வில் மயலினை உருவாக்கும் செல்களான, இ4 உள்ள ஒலிகோடென்ட்ரோசைட்டுகளில் கொலஸ்ட்ரால் மயலினுக்குப் போகாமல் செல்லுக்குள் தவறான இடத்தில் தேங்கிக் கிடந்தது. ஆகக் கேள்வி கொலஸ்ட்ரால் கூடியதா குறைந்ததா என்பதல்ல, எங்கே இருக்கிறது என்பது.

ஓட்டிப் பார்த்தேன்: “இ4 வடிவம் சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் சேர்வதை மாற்றுவதால் புணைகளின் அமைப்பும், அதன்வழி ஏபிபி வெட்டுப்படும் இடமும் மாறக்கூடும்.” படிக்க வருகிறது. தெப்பங்களின் அமைப்பு என்றாலும் வருகிறது. எனக்கு இரண்டும் சம்மதம்.

* * *

நன்றி. முதன்மைச் சொல்லாகக் கொழுமியப் புணை, முதல்முறை வருமிடத்தில் ‘லிப்பிட் ராஃப்ட் எனப்படும்’ என்ற அடைமொழியுடன். தெப்பம் மாற்றுச்சொல்லாக நிற்கட்டும், மறுப்பவர் மறுப்பும் பதிவில் இருக்கிறது. கரையா எச்சம் தனிப் பதிவு. வரையறை வரைவு:

“கொழுமியப் புணை: செல் சவ்வில் கொலஸ்ட்ராலும் ஸ்ஃபிங்கோ கொழுமியங்களும் செறிந்து, சில புரதங்களை ஏற்று, கூடியும் கலைந்தும் நகரும் 10–200 நானோமீட்டர் அளவுள்ள பகுதி. கரையா எச்சத்திலிருந்து வேறானது.”

இன்னொரு சிக்கல் இதனோடு வருகிறது. புணைக்குள் இருக்கும் நிலையை ‘ஒழுங்குற்ற நீர்மநிலை’ என்றும் வெளியே இருப்பதை ‘ஒழுங்கற்ற நீர்மநிலை’ என்றும் பட்டியலில் வைத்திருக்கிறோம். கு, க — ஓர் உகரம் தவறினால் பொருள் தலைகீழ். சவ்வின் இறுக்கத்தைக் காட்டும் லார்டான் சாயத்தின் ஒளிர்வைப் பற்றிய பத்தியில் (உள்ளே 440 நானோமீட்டர் பக்கம், வெளியே 490 பக்கம்) ஏற்கெனவே ஓரிடத்தில் மாறி அச்சாகியிருக்கிறது, எண்ணைப் பார்த்துத்தான் பிழை தெரிந்தது. ‘செறிநீர்மம்’, ‘தளர்நீர்மம்’ என்று மாற்றலாமா? தடையிருந்தால் எழுதுங்கள், இல்லையேல் இந்த வாரமே பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.